நோயாளியை ஒப்புவித்தல்

'ஒப்புவித்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. தன் பொறுப்பில் இருந்த ஒன்றைப் பிறர் பொறுப்பில் சேர்ப்பித்தல் ஒன்று. கற்ற பாடத்தை ஆசிரியர் முன்னின்று சொல்லிக் காட்டுதல் மற்றொன்று. முதற்பொருளில் வாய் திறப்பவன் கொடுப்பவன். இரண்டாம் பொருளில் வாய் திறப்பவன் பெற்றுக்கொண்டவன். இவ்விரண்டும் ஒருங்கே நிகழவேண்டிய இடம் ஒன்று உண்டு. மாலையில் வீடு திரும்பும் மருத்துவர் தம் நோயாளிகளை இரவு மருத்துவரிடம் விட்டுச் செல்லும் இடமே அது. முதற்பொருளில் மட்டும் அங்கே ஒப்புவிப்பு நடந்து, இரண்டாம் பொருளில் நடவாமற் போவதால் உயிருக்கே தீங்கு நேரக்கூடும். அமெரிக்க நாட்டு மருத்துவப் பயிற்சியில் இது பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுந்த சிந்தனையை ஈண்டுக் காண்போம்.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பேணுபவன் என்பன அவை. இன்றைய பெரிய மருத்துவமனையில் அம்மருத்துவன் ஒருவன் அல்லன். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொருவர். நாளொன்றுக்கு இருமுறை பொறுப்பு மாறுவதாகக் கொண்டால், ஒரு வாரம் படுத்திருக்கும் நோயாளி பதினான்கு முறை கைமாறுகிறார். கைமாறுவது நோயாளியின் உடல் அன்று. அது கட்டிலிலேயே கிடக்கிறது. கைமாறுவது அவரைப் பற்றிய அறிவு. உடலைக் கீழே போட்டால் ஓசை கேட்கும். அறிவைக் கீழே போட்டால் ஓசை கேட்பதில்லை.

முற்காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இல்லை. காரணம், மருத்துவர் மருத்துவமனையை விட்டுப் போவதே இல்லை. பால்ட்டிமோர் நகரில் 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் வகுத்த பயிற்சி முறையே பின்னர் அந்நாடெங்கும் பரவிற்று. பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே உறைய வேண்டும். அதனாலேயே அவருக்கு 'ரெசிடென்ட்', அஃதாவது உறைபவர், என்னும் பெயர் வந்தது. இரவு பகல் பாராது உழைப்பதே நல்ல மருத்துவருக்கு இலக்கணம் என்று கருதப்பட்டது. அம்முறையை வகுத்த ஹால்ஸ்டெட் கொக்கெயின் என்னும் போதைப்பொருளின் பிடியிற் சிக்கி நெடுங்காலம் அல்லற்பட்டவர் என்பதையும் ஒருபுறம் நினைவில் வைத்தல் தகும். அவர் வகுத்த முறையைப் போற்றியோர் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இம்முறையை அசைத்தது ஒரு பெண்ணின் மரணம். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு, லிபி ஸையோன் என்னும் 18 வயதுப் பெண் காய்ச்சலோடும் உடல் நடுக்கத்தோடும் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டாள். மனச்சோர்வுக்காக அவள் ஃபெனெல்சின் என்னும் மருந்தை உட்கொண்டு வந்தாள். நடுக்கத்தைத் தணிக்க அங்கே பெத்திடின் ஊசி போடப்பட்டது. இவ்விரண்டும் ஓருடலிற் சேரலாகாத மருந்துகள். பொறுப்பிலிருந்த பயிற்சி மருத்துவரோ அதே இரவில் வேறு பல நோயாளிகளுக்கும் பொறுப்பானவர். பொழுது விடியும் வேளையில் உடல் வெப்பம் ஃபாரன்ஹீட் 107 அளவைத் தொட்டது, இதயம் நின்றது. மரணத்தின் காரணம் யாது என்று நீதிமன்றத்தில் நெடுங்காலம் வழக்காடப்பட்டது. ஆயினும் அவள் தந்தை சிட்னி ஸையோன் பத்திரிகையாளர், வழக்கறிஞரும் ஆவார், அவர் விடவில்லை. உறங்காத இளைஞர்களிடம் நோயாளிகளை விட்டுவைக்கும் முறையே தம் மகளைக் கொன்றது என்று ஊரறியச் சொன்னார். 1986இல் விசாரித்த பெருஞ்சான்றாயம் எந்த மருத்துவர்மீதும் குற்றவியல் குற்றஞ்சாட்டவில்லை. பயிற்சி முறையைத்தான் கடிந்தது.

இதன் பயனாக, பெர்ட்ரண்டு பெல் என்னும் மருத்துவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவரின் வேலை நேரத்தை வாரத்திற்கு 80 மணியாகவும், தொடர்ச்சியாக 24 மணியாகவும் வரையறுத்தது. 2003இல் இந்த 80 மணி வரம்பு நாடு முழுவதற்கும் ஆயிற்று. 2011இல் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் தொடர்ச்சியாக 16 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று வரம்பு மேலும் இறுகிற்று. (வாரத்திற்கு 80 மணி என்பதைச் சலுகையாக எண்ணும் தொழில் உலகில் வேறு எத்தனை இருக்கும் என்று தோன்றவில்லை.)

எல்லாம் நன்றே. ஆனால் நேரத்தைக் குறைத்தால் கைமாற்றம் பெருகும் என்பது கணக்கு. ஒரு துணியை நான்காக வெட்டினால் மூன்று இடத்தில் தைக்க வேண்டும். துணி பிரிவது தையலிலே. சோர்ந்த மருத்துவரிடமிருந்து நோயாளியைக் காக்கப் போய், அவரை அறியாத மருத்துவரிடம் சேர்ப்பித்ததாக முடிந்தது.

இந்த ஆபத்து முன்னரே அறியப்படாததன்று. பாஸ்டன் நகரின் பிரிகாம் பெண்கள் மருத்துவமனையில் நடந்த ஆய்வொன்று 1994இல் வெளிவந்தது. தவிர்த்திருக்கக்கூடிய தீங்குக்கு ஆளான நோயாளிகளையும் அவ்வாறு ஆளாகாதவர்களையும் அதில் ஒப்பிட்டுப் பார்த்தனர். நோயாளியை வழக்கமாகக் கவனிக்கும் மருத்துவர் இல்லாத வேளையில், அவருக்குப் பதிலாக வேறு குழுவின் மருத்துவர் பொறுப்பேற்றிருந்தால், தீங்கு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுந்திருந்தது. நோயின் கடுமையைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்நிலையே. பதிலுக்கு வந்தவர் திறமை குறைந்தவர் அல்லர். அதே பள்ளியில் பயின்றவர், அதே நூல்களைக் கற்றவர். அவருக்கு அந்த நோயாளியைத் தெரியாது, அவ்வளவே. பிறகு அதே மருத்துவமனையில், ஒவ்வொரு நோயாளி குறித்தும் இன்னின்ன செய்திகள் இருக்கவேண்டும் என்று கணிப்பொறியில் ஒரு படிவம் அமைத்தனர். அந்தக் கூடுதல் ஆபத்து குறைந்ததை 1998இல் எழுதினர்.

இனி, சொல்லியும் ஏன் சேரவில்லை என்னும் வினாவுக்கு வருவோம். இதுவே ஆசிரியப் பெருமக்கள் ஊன்றிப் பார்க்கத்தக்க பகுதி.

சிகாகோப் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர்களிடம் ஓர் ஆய்வு நடந்து, 2010இல் வெளியிடப்பட்டது. பொறுப்பைக் கொடுத்தவரைத் தனியே அழைத்து, 'இந்த நோயாளியைப் பற்றி நீங்கள் சொன்னவற்றுள் மிக முக்கியமானது எது?' என்று கேட்டனர். பெற்றவரையும் தனியே அழைத்து, 'உங்களிடம் சொல்லப்பட்டவற்றுள் மிக முக்கியமானது எது?' என்று கேட்டனர். நூற்றுக்கு அறுபது முறை, கொடுத்தவர் மிக முக்கியம் என்று கருதிய செய்தி பெற்றவரிடம் போய்ச் சேரவே இல்லை. அதைக் காட்டிலும் வியப்பு என்னவெனில், கொடுத்தவர்கள் அனைத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டதாகவே நம்பியிருந்தனர்.

இந்நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1990ஆம் ஆண்டு எலிசபெத் நியூட்டன் என்பவர் தம் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். எல்லாரும் அறிந்த பாட்டு ஒன்றை மனத்தில் நினைத்து, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே அமர்ந்தவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப்பேர் கண்டுபிடித்துவிடுவர் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தனர். தட்டிய 120 பாட்டுகளுள் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே. தட்டுபவர் காதில் பாட்டு முழுவதும் ஒலிக்கிறது. சொல்லும் பண்ணும் அதில் உண்டு. கேட்பவர் காதில் விழுவதோ 'டொக் டொக்' என்னும் ஓசை.

பன்னிரண்டு மணி நேரம் ஒரு நோயாளியோடு பழகிய மருத்துவரின் காதிலும் பாட்டு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும். 'பன்னிரண்டாம் கட்டில், ஆஸ்துமாப் பிள்ளை, இப்போது தேவலை, இரத்தப் பரிசோதனை ஒன்று போயிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அவர் சொல்லும்போது, அந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறியதும், தாய் அழுததும், மருந்து கொடுத்தபின் முகம் மாறியதும் அவர் உள்ளத்தில் நிற்கின்றன. கேட்பவருக்கு அது டொக் டொக். இப்படி இருபது கட்டில்கள். நடுவே தொலைபேசி வேறு.

வகுப்பறையில் இது நமக்குப் புதியதன்று. அணியிலக்கணத்தை அரைமணி நேரம் விளக்கிவிட்டுப் 'புரிந்ததா?' என்று கேட்கிறோம். 'புரிந்தது ஐயா' என்று நாற்பது குரல் ஒருமிக்க எழுகிறது. தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் யாருக்குப் புரிந்தது என்பது தெரியும். மருத்துவமனையில் அந்தத் தேர்வுத்தாள் நள்ளிரவில் கட்டிலின் மீது கிடக்கிறது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஏமி ஸ்டார்மர், கிறிஸ்டபர் லாண்ட்ரிகன் முதலியோர் சேர்ந்து உருவாக்கிய முறைக்கு 'ஐ-பாஸ்' என்று பெயர். ஐந்து ஆங்கிலத் தலையெழுத்துகளைக் கோத்த பெயர் இது. 'நான் கைமாற்றுகிறேன்' என்னும் பொருளும் அதில் தொனிக்கும். ஐந்தும் ஐந்து படிகள். நோயாளி எவ்வளவு கடுமையான நிலையில் இருக்கிறார் என்பதை எடுத்த எடுப்பிலேயே கூறுதல் முதற்படி. அவரது வரலாற்றுச் சுருக்கம் அடுத்தது. செய்யவேண்டிய வேலைகள் எவை, எப்போது செய்யவேண்டும் என்பது மூன்றாவது. என்ன நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டிச் சொல்வது நான்காவது. பெற்றுக்கொண்டவர் தாம் கேட்டதைத் தம் சொற்களிற் சுருக்கித் திருப்பிச் சொல்லி, ஐயங்களை வினாவுவது ஐந்தாவது.

முதற்படியில் ஒரு நுட்பம் உண்டு. நோயாளிகளை நலமுற்றோர், நலிவுற்றோர் என்று இரண்டாகப் பிரிப்பதோடு நில்லாமல், 'கண்காணிக்கப்பட வேண்டியவர்' என்று மூன்றாவது வகையும் வைத்தனர். எண்கள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்; ஆயினும் அனுபவமுள்ள மருத்துவருக்கோ தாதிக்கோ ஏதோ சரியில்லை என்று உள்மனம் சொல்லும். ஏட்டில் எழுத இடமில்லாத அந்த ஐயத்திற்கு ஒரு பெயர் கொடுத்ததால், அதுவும் கைமாறத் தொடங்கிற்று.

மேற்சொன்ன பன்னிரண்டாம் கட்டில் பிள்ளையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்திற்காக நான் புனைந்தது.

'இந்தப் பிள்ளையைக் கண்காணிக்க வேண்டும். வயது நான்கு. நேற்றிரவு இழுப்போடு வந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆவிமருந்து கொடுத்தோம். இன்று பிற்பகல் முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்கியிருக்கிறோம். அந்த மருந்து இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆகையால் பரிசோதனைக்கு அனுப்பினேன். பத்து மணிக்கு முடிவு வரும், பாருங்கள். நான்கு மணி நேரம் தாங்காமல் இழுப்பு வந்தால் மறுபடி இரண்டு மணிக்கு மாற்றுங்கள். விலாப்புறம் உள்வாங்கினாலோ, ஆக்சிஜன் 92க்குக் கீழே இறங்கினாலோ காத்திராமல் மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள்.'

பெற்றுக்கொண்டவர் இப்போது வாய் திறக்கிறார். 'நான்கு வயதுப் பிள்ளை, நான்கு மணிக்கொரு முறை மருந்து, அதற்குமுன் இழுப்பு வந்தால் இரண்டு மணிக்கொரு முறை. பத்து மணிக்குப் பொட்டாசியம். விலா உள்வாங்கினால், ஆக்சிஜன் இறங்கினால் மூத்தவரை அழைப்பேன். நடு இரவில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பி மருந்து கொடுப்பதா, தூங்க விடுவதா?'

'நல்லவேளை கேட்டீர்கள். நேற்று அவன் தூங்குகிறான் என்றுதான் எண்ணினோம். தூக்கம் அன்று, மூச்சிழுத்து மூச்சிழுத்துக் களைத்துப் போயிருந்தான். அமைதியாக இருந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள், எழுப்பியே கொடுங்கள்.'

அந்த இரவின் மிக முக்கியமான செய்தி இதுவே. கொடுத்தவர் அதனை மறைக்கவில்லை, மறக்கவுமில்லை; அவருக்கு அது தெரிந்துபோன செய்தியாதலால் சொல்லத் தோன்றவில்லை. அதனை வெளிக்கொணர்ந்தது பெற்றவரின் வினா. வினாவுதலும் வினாவியவற்றுக்கு விடை கூறுதலும் மாணாக்கர் கடமை என்று நன்னூலின் பாயிரம் வகுப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். திருப்பிச் சொல்லுதல் என்றால் கிளிப்பிள்ளையாய்ச் சொல்லுதல் அன்று என்பதும் இதனால் விளங்கும். கேட்ட சொற்களையே மனப்பாடமாக ஒப்புவித்திருந்தால் அந்த வினா பிறந்திராது.

இம்முறையை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 குழந்தை மருத்துவப் பயிற்சி நிலையங்களில் புகுத்தி, 10,740 நோயாளிச் சேர்க்கைகளை ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். முன்பு நூறு சேர்க்கைகளுக்கு 24.5 மருத்துவப் பிழைகள் நேர்ந்தன; பின்பு 18.8. தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் நூற்றுக்கு 4.7இலிருந்து 3.3 ஆயின, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. 'இவ்வளவும் பேச நேரம் ஏது?' என்பதே மருத்துவர்களின் முதல் மறுப்பாக இருக்கும். அதையும் அளந்து பார்த்திருக்கின்றனர். ஒரு நோயாளிக்கு முன்பு 2.4 நிமிடம் பேசினர், பின்பு 2.5 நிமிடம். ஆறு வினாடி வேறுபாடு.

இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஒன்பது நிலையங்களில் ஆறில்தான் பிழைகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன; மூன்றில் அவ்வாறு இல்லை. புகுத்துமுன், புகுத்தியபின் என்று ஒப்பிட்டார்களேயன்றி, புகுத்தாத நிலையங்களைப் பக்கத்தில் வைத்து அவர்கள் ஒப்பிடவில்லை. ஐந்தெழுத்து அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டால் பலன் வந்துவிடும் என்று எண்ணுவோர்க்கும் இங்கே ஆதரவில்லை. இரண்டு மணி நேர வகுப்பு, நடித்துப் பழகும் பயிற்சி, மூத்த மருத்துவர் அருகில் நின்று கேட்டுத் திருத்துதல் எல்லாம் சேர்ந்தே அம்முறை. ஒப்புவித்தலும் கற்பித்தாலன்றி வாராத கலை என்பதை மருத்துவக் கல்வி மிகப் பிந்தியே உணர்ந்தது. நாடி பார்க்கவும் ஊசி போடவும் கற்பித்தவர்கள், பொறுப்பை மாற்றிக் கொடுக்கக் கற்பிக்கவில்லை. அது தானே வரும் என்று விட்டுவிட்டனர்.

ஐந்து படிகளுள் ஐந்தாவதே நிலைபெற அரியது என்பது என் கருத்து. முதல் நான்கும் கொடுப்பவர் வேலை; தாளில் எழுதிவிடலாம். ஐந்தாவது பெற்றவரின் வேலை. படித்துப் பட்டம் பெற்றவரை 'நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்' என்றால் சிறுபிள்ளையாக்குவது போல் இருக்கும். மூத்தவர் பெறுபவராகவும் இளையவர் கொடுப்பவராகவும் இருந்தால் கேட்கவே நா எழாது. ஆனால் கப்பலில் மாலுமி சுக்கானைப் பிடித்துக்கொண்டு தலைவன் இட்ட கட்டளையை ஒவ்வொரு முறையும் உரக்கத் திருப்பிச் சொல்கிறான். விமானி தரையிலிருந்து வரும் ஆணையைத் திருப்பிச் சொல்கிறார். அதில் யாரும் இழிவு காண்பதில்லை.

பிற தொழிலிடமிருந்து கற்பதில் வெட்கப்படாத மருத்துவர்களும் உளர். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதில் குழப்பம் மிகுந்திருந்தது. அங்கே சொல் மட்டுமன்றிக் குழாய்களும் கருவிகளும் கைமாற வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவர். அங்குள்ள மருத்துவர்கள் கார்ப் பந்தயத்தில் சக்கரம் மாற்றும் குழுவினரைக் கண்டு வியந்து, பெராரி நிறுவனத்தாரிடம் யோசனை கேட்டனர். யார் எங்கே நிற்பது, யார் தலைமை, எப்போது பேசலாம், எப்போது பேசலாகாது என்று வகுத்துக்கொண்டனர். சொல்லாமல் விடுபட்ட செய்திகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2007இல் வெளியிட்டனர்.

வேலை நேரம் பற்றிய வழக்கோ இன்னும் ஓயவில்லை. அறுவை மருத்துவப் பயிற்சி நிலையங்களை இரு கூறாக்கி, ஒன்றில் நேர வரம்பைத் தளர்த்தியும் மற்றொன்றில் தளர்த்தாமலும் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நோயாளிகளின் சாவிலோ பெருந்தீங்கிலோ வேறுபாடு காணப்படவில்லை. 2017இல் முதலாண்டினருக்கான 16 மணி வரம்பு நீக்கப்பட்டு, 24 மணி வரை வேலை செய்யலாம் என்று மாறிற்று. அதற்கு மேலும் 4 மணி வரை, பெரும்பாலும் நோயாளிகளை ஒப்புவிப்பதற்கென்றே, இருக்கலாம் என்றனர். சிங்கப்பூரிலும் 2010 முதல் அமெரிக்க முறையைத் தழுவிய ரெசிடென்சிப் பயிற்சி நடைபெறுவதால், இவ்வழக்கு நமக்குத் தொலைவானது அன்று. நேரத்தைக் குறைப்போர் ஒப்புவிப்பை மறப்பதும், நேரத்தை நீட்டுவோர் ஒப்புவிப்பின் குறையைக் காட்டியே நீட்டுவதும் மாறிமாறி நிகழ்கின்றன. நோயாளிக்கு வேண்டுவது உறங்கிய மருத்துவரும், விவரம் அறிந்த மருத்துவரும் ஒருவராகவே இருத்தல்.

இத்தனை ஒப்புவிப்பிலும் விடுபட்டுப்போன ஒருவர் உண்டு. பதினான்கு முறை மருத்துவர் மாறியபோதும் கட்டிலருகே மாறாமல் இருந்தவர் அவர். பிள்ளையின் தாய்! நேற்று அவன் தூங்கவில்லை, களைத்துப் போயிருந்தான் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். ஐ-பாஸ் முறையினர் பின்னர் இதனை உணர்ந்து, காலையில் மருத்துவர்கள் கட்டில் கட்டிலாகப் பார்த்துவரும்போது, குடும்பத்தாரையும் அப்பேச்சிற் சேர்த்தனர். முதலில் குடும்பத்தார் பேசுவர்; மருத்துவர் மருத்துவச் சொற்களைத் தவிர்த்து எளிய மொழியில் சொல்வர்; கேட்டதைக் குடும்பத்தாரும் திருப்பிச் சொல்வர். வட அமெரிக்காவின் 7 மருத்துவமனைகளில் இதனைச் செய்து பார்த்த முடிவு 2018இல் வெளிவந்தது. பிழைகளின் மொத்தத் தொகை குறையவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தீங்கு விளைத்த பிழைகள் நூற்றுக்கு 38 பங்கு குறைந்திருந்தன.